ஆளுக்கொரு வரி

நாகர்கோவிலில் கம்பளி நூல் பின்னுகிற நாலு பேர் வாரா வாரம் கூடுகிறோம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சிரிப்பார்கள். மார்கழி விடியலில் போர்த்திக்கொண்ட போர்வையையே வெயில் ஏறுவதற்குள் உதறிவிடுகிற ஊர் இது. ஃபேனைப் போட்டால் நூல் பறக்கும். நிறுத்தினால் உள்ளங்கை வேர்த்து நூல் ஊசியோடு ஒட்டிக்கொள்ளும். நான் ஊசியை எடுத்தாலே என் வீட்டுக்காரர் துண்டால் கழுத்தைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். "நீ பின்னுததப் பாத்தாலே எனக்கு வேக்குது" என்பார். குளிர்கிற தேசங்களுக்குப் பிள்ளைகள் போய்விட்டார்கள், அவர்களுக்காகத்தான் பின்னுகிறோம் என்று நாங்கள் வெளியே சொல்லிக்கொள்வோம். சனிக்கிழமை மத்தியானம் யாருக்கும் பதில் சொல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்ப ஒரு சாக்கு வேண்டியிருந்தது என்பதுதான் நிஜம்.

கூடுகிற இடம் வடசேரியில் ஓர் அக்காவின் வீட்டு மாடி. எங்களில் மூத்தவர் என்பதால் அவர் எல்லோருக்கும் அக்கா. தொடங்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது; முடிப்பதில்தான் தகராறு. யாருக்காவது ஏழாம் மாதம் என்று காதில் விழுந்தால் அன்றைக்கே குழந்தைத் தொப்பிக்கு ஊசியில் நூல் கண்ணி ஏற்றிவிடுவார். அந்தக் குழந்தை எல்.கே.ஜி. போன பிறகும் தொப்பி ஊசியிலேயே இருக்கும். அடுத்தவர் குழித்துறையிலிருந்து பஸ் ஏறி வருகிற டீச்சர். கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். பெங்களூரில் இருக்கிற பேரனுக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டே இருக்கிறார். ஒரு கண்ணி பிசகினாலும் அதுவரை போட்டதையெல்லாம் பிரித்துவிடுவார். பிரித்துச் சரிசெய்வதற்குள் பையன் வளர்ந்துவிடுவான். மறுபடியும் போனில் அளவு கேட்டு வாங்கி மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்.

மூன்றாவது ஆள் மண்டைக்காட்டுக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரி. எங்களில் இளையவள். வீட்டில் மீன் வியாபாரம். காலை ஏலம் முடித்து, குளித்து, தலை ஈரம் காயாமல் வருவாள். அவளுக்கு ஒரே ஓர் ஆசை. அவள் ஊர்க் கடல் காலை பத்து மணிக்கு என்ன நிறத்தில் இருக்கிறதோ அதே நிறத்தில் ஒரு போர்வை பின்ன வேண்டும். ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கிற நீலங்களையெல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டாள். "இது பிளாஸ்டிக் வாளிக்க நீலம்லா அக்கா" என்று ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். இரண்டு நீலத்தைச் சேர்த்துப் பின்னிப் பார்த்தாள். பச்சையைக் கலந்து பார்த்தாள். போர்வை ஒரு சாண் தாண்டவில்லை. ஒருநாள் டீச்சர் பொறுக்க மாட்டாமல், "ஒனக்கக் கடலு எங்கயும் ஓடிராது, கிடைக்குத நூல்ல முடிச்சுப் போடு" என்றார். "முடிக்கதுக்கா டீச்சர் தொடங்குனேன்?" என்று கேட்டாள். அக்காவுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இப்படி அவரவர் வேலையை மடியில் விரித்துக் காட்டி, மாட்டிக்கொண்ட இடத்தைச் சொல்லி அலுத்து, அடுத்தவருடையதைக் குறை சொல்லி, அக்கா வீட்டு முந்திரிக்கொத்தைக் கடிப்பதில் மத்தியானம் போய்விடும். எங்களுக்குள் ஒரு வழக்கமும் உண்டு. யார் எதைப் பின்னினாலும் மற்ற மூவரும் அதில் ஆளுக்கொரு வரி போட்டே ஆக வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின நாள் காய்வெட்டுக்குத் தெருவே வந்து உட்காருமே, அந்த மாதிரி. நல்ல காரியத்தில் எல்லார் கையும் படட்டும் என்று அக்கா தொடங்கிவைத்தது.

இதனால் ஒருவர் கை இன்னொருவருக்குத் தெரிந்துபோனது. டீச்சருடைய வரி ஊசி நுழையாத இறுக்கம். அக்காவுடையது தொளதொள. கடற்கரைக்காரி யூடியூப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டவள், நூலை எதிர்ப்பக்கமாகச் சுற்றுவாள். அவளுடைய கண்ணிகள் மட்டும் காலை மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "ஏட்டி, ஒனக்க கண்ணியெல்லாம் பந்திக்குச் சம்மணம் போட்டு இருக்குவு, எலையப் போடு" என்று கேலி செய்வேன். என் வரியைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதில்லை. சொல்ல ஒன்றும் இருக்காது, அச்சடித்த மாதிரி இருக்கும்.

தற்பெருமை என்றால் தற்பெருமைதான். நான் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவள். ஓர் எழுத்து மாறினால் ஒருத்தருடைய நிலம் இன்னொருத்தருக்குப் போய்விடும் என்று பயமுறுத்தித்தான் வேலையில் உட்கார வைத்தார்கள். கடைசிவரை ஓர் எழுத்து மாறியதில்லை. என் சமையலைக் குறை சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன், பல சமயம் குறையும் இருக்கும். என் கையைச் சொன்னால் மட்டும் எனக்குச் சுருக்கென்று வரும். அந்தக் கைதான் நடுங்கத் தொடங்கியது.

டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும்போது மடியில் கிடந்த வலது கையின் கட்டைவிரல் தானாக அசைந்தது. "என்ன, சும்மா இருந்து சீடை உருட்டுதே?" என்று வீட்டுக்காரர் கேட்டார். பிறகு சாயா டம்ளர் தளும்பியது. நாகர்கோவிலில் டாக்டரைப் பார்த்தோம். இது குறைகிற வியாதி இல்லை, மெதுவாகக் கூடிக்கொண்டுதான் போகும், மாத்திரையால் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்றார். சுசீந்திரத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில் வீட்டுக்காரர் என் பையையும் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் சீடை என்ற சொல்லையே எடுத்ததில்லை.

எங்களுக்கு ஒரே மகள். அயர்லாந்தில் வேலை. விஷயம் தெரிந்ததும் பதறிவிட்டாள். அவள் ஆபீசில் ஒருத்தருக்கு மட்டும் ஒரு வருஷம் சொந்த ஊரிலிருந்தே வேலை பார்க்க அனுமதி உண்டாம். அவளுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஜனவரி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். "நான் வந்து கூட இருக்கேம்மா" என்றாள்.

அந்த நிமிஷம் எனக்குள் எவ்வளவு சந்தோஷம் வந்தது என்று எனக்குத்தான் தெரியும். அவள் படுத்த கட்டிலுக்கு என்ன விரிப்பு போடலாம் என்றுகூட மனசு போய்விட்டது. வாய் மட்டும் வேறு பேசியது. "என்னத்துக்கு? எனக்கு இப்போ என்ன வந்துட்டு? ஒனக்கு ஒரு சால்வை பின்னி அனுப்புதேன். அவ்வளவு கண்ணியும் எனக்க கையால. அதக் கையில வாங்கிப் பாத்துட்டுச் சொல்லு, வரணுமா வேண்டாமான்னு."

"செரி, பந்தயமா வச்சுக்கிடுவோம்" என்று சிரித்தாள்.

மகளை வா மக்களே என்று கூப்பிட இரண்டு வார்த்தை போதும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு ஒரு சால்வையைக் குறுக்கே இழுத்துப் போட்டுக்கொண்டேன். இன்றுவரை அதை நினைக்காத நாள் இல்லை.

ஐப்பசியில் பாக்கு நிறத்தில் நூல் வாங்கினேன். ஒரு வரி நேர்ப் பின்னல், ஒரு வரி மறு பின்னல். வித்தை எதுவும் கிடையாது. வித்தை இல்லாத பின்னலில்தான் பிசகை ஒளிக்க முடியாது, வேண்டுமென்றே அதைத் தேர்ந்தெடுத்தேன். சனிக்கிழமை அக்கா வீட்டு மாடியில் மூவரிடமும் நடந்ததைச் சொன்னேன். "இதுல மட்டும் நீங்க யாரும் வரி போடாண்டாம். எனக்கக் கை எப்பிடி இருக்குன்னு எனக்குத் தெரியணும், அவளுக்கும் தெரியணும்" என்றேன். அக்காவின் முகம் வாடிவிட்டது. டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டார். கடற்கரைக்காரிதான் என்னைப் பார்த்து, "ஒங்க சால்வைய நீங்கதான் போடணும் அக்கா, செரிதானே" என்றாள்.

டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஒரு தொந்தரவு, மத்தியானத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு தூக்கம் வரும். சனிக்கிழமைகளில் சாப்பிட்டு மாத்திரை போட்டதும் அக்கா தன் அறையில் பாயை விரித்துவிடுவார். "செத்த நேரம் கண்ணசரு, நாங்க எங்கயும் போகல்ல" என்பார். சாயா வாசனை வரும்போதுதான் எழுந்திருப்பேன். வெளியே வந்தால் மூவரும் தங்கள் தங்கள் மடியைப் பார்த்துக் குனிந்து மும்முரமாகப் பின்னிக்கொண்டிருப்பார்கள். அக்காகூட. எதையும் முடிக்காத அக்காவுக்கு என்ன திடீர்ச் சுறுசுறுப்பு என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

வீட்டில் பின்னும்போது கை சொன்னபடி கேட்காது. ஊசி நுனி கண்ணியை விட்டு எங்கோ போய்க் குத்தும். ஒரு கண்ணி நழுவியதைப் பார்த்துவிட்டு, எடுக்க முடியாமல், சரி பிறகு பார்ப்போம் என்று மேலே போயிருப்பேன். சனிக்கிழமை சாயங்காலம் திரும்பி வருகிற பஸ்ஸில் எடுத்துத் தடவிப் பார்த்தால் அந்த இடம் எங்கே என்றே தெரியாது. மட்டமாக, அழகாக இருக்கும். கண்ணாடிப் பவர் மாறியிருக்கும், நழுவாததை நழுவியதாகப் பார்த்திருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டேன். மாத்திரை கேட்கிறது என்று எண்ணிக்கொண்டேன். டாக்டரே தப்பாகச் சொல்லியிருக்கலாம் என்றும் ஒருநாள் எண்ணினேன். எண்ண ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்த மாதங்களில் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன். சால்வை வளர வளர மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். வீட்டுக்காரர் விரித்துப் பார்த்து மெச்சிக்கொண்டு, "கொள்ளாமே, ஒனக்க டாக்டருக்குக் கொண்டு காட்டணும்" என்றார். சனிக்கிழமைகளில் நான்தான் சத்தமாகப் பேசினேன். டீச்சரிடம், கை நடுங்குகிற நானே முடிக்கப்போகிறேன், நீங்கள் இன்னும் பேரன் ஸ்வெட்டருக்குக் கழுத்து வைக்கவில்லையே என்று கேட்டேன். டீச்சர் கோபப்படவே இல்லை. "ஆமா, ஒனக்க கை ராசி" என்று மட்டும் சொன்னார்.

மார்கழி வந்தது. சுசீந்திரத்தில் திருவிழா என்றால் எங்கள் வீடு சத்திரம்தான். தேர் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அறைக்கு அறை படுத்திருந்தார்கள். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. நாகர்கோவில் போக முடியவில்லை. கடைசி ஓரம் மட்டும்தான் பாக்கி, அதை வீட்டிலேயே இருந்து போட்டு முடித்தேன்.

கூட்டமெல்லாம் கிளம்பிய பிறகு சால்வையை அலசி, மாடியில் பாய் விரித்து அதன்மேல் காயப்போட்டேன். நல்ல வெயில். முதல் தடவையாக முழுசாக விரித்துப் பார்த்தேன். கடைசி ஓரம் வேறு யாரோ போட்டது போல இருந்தது. ஒரு கண்ணி பெரிது, ஒரு கண்ணி சிறிது, இரண்டு இடத்தில் ஏணி மாதிரி விட்டுப்போயிருந்தது. மார்கழிப் பனியில் நூல் நமத்திருக்கும் என்று முதலில் பழியை அதன்மேல் போட்டேன். பிறகு நல்ல பகுதியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்து குனிந்தேன். கட்டைவிரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டு போனேன்.

ஓரிடத்தில் கண்ணிகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தன.

கொஞ்சம் தள்ளி ஊசி நுழையாத இறுக்கம். அதற்குக் கீழே தொளதொளவென்று ஒரு பட்டை. மறுபடியும் சம்மணம். அங்கங்கே என்னுடையது இருந்தது, நீச்சல் தெரியாதவனை இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்திருப்பது போல அவர்களுடைய வரிகளுக்கு நடுவில். அந்தக் கடைசி ஓரம் ஒன்றுதான் யார் கையும் படாதது. என் கை இப்போது எப்படி இருக்கிறது என்பதற்கு அதுதான் பதில். வெயிலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் தேடிக்கொண்டு மாடிக்கு வந்தார். சொன்னேன். "நல்லதுக்குத்தானே செஞ்சிருக்காவ" என்றார். "நல்லதுக்கு ஒங்க வயலுக்கு வேற ஆளு ரகசியமா வந்து நாத்து நட்டா பேசாம இருப்பியளா?" என்று கேட்டேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த சனிக்கிழமை சால்வையை அக்கா வீட்டு மாடியில் நடுவில் விரித்தேன். சம்மணம் போட்ட இடத்தில் விரலை வைத்தேன். மூவருக்கும் புரிந்துவிட்டது.

"நீ ஒறங்குத நேரத்துல பிரிச்சுப் போட்டோம்" என்றார் டீச்சர். "முதல்ல ஒரே ஒரு கண்ணிதான் எடுத்துவிட்டேன். நீ எழும்பி வந்து தொட்டுப் பாத்து சிரிச்சே. அதுக்குப் பொறவு எப்பிடி நிறுத்த?"

கடற்கரைக்காரி அழுதுகொண்டே, "சம்மணம் போடாம இருக்கணும்னு நான் அவ்வளவு பாத்துப் பாத்துத்தான் போட்டேன் அக்கா. அப்பவும் வந்துட்டு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திட்ட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது சேர்த்துவைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. பேரன் ஸ்வெட்டரை ஓரம்வைத்துவிட்டு டீச்சர் என் சால்வைக்கு உட்கார்ந்திருக்கிறார். தன் கடலை ஒரு சாணிலேயே விட்டுவிட்டு அவள் எனக்குப் பின்னியிருக்கிறாள். இவர்களை எப்படித் திட்டுவது?

"அப்போ தெரிஞ்சிருந்தா பெரிய சால்வைய விட்டுட்டு ஒரு குட்டித் தொப்பியாவது முழுசா எனக்க கையால போட்டிருப்பேன்" என்றேன். "ஐப்பசில அந்த அளவுக்குக் கை இருந்துது. இப்ப அதுவும் இல்ல." போன மாதங்களைப் பிரித்து மறுபடியும் போட முடியாது.

டீச்சர் அந்தக் கடைசி ஓரத்தைத் தொட்டார். "இத மட்டும் நான் பிரிச்சுப் போட்டுத் தாரேன். அனுப்ப வேண்டியதுல்லா."

"வேண்டாம் டீச்சர். அது அப்படியே இருக்கட்டும். அதப் பாத்தா அவளுக்குத் தெரிஞ்சிரும்."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்ன தெரிஞ்சிரும்? அவ வரணும்னு ஒனக்கு ஆசை. போனப் போட்டு வா மக்களேன்னு சொல்லு. பெத்த பிள்ளைகிட்ட சொல்லதுல என்ன கொறச்சல்?"

"சொல்லுவேன். சால்வை போய்ச் சேரட்டும். அத மடியில வச்சுக்கிட்டு அவளே கேப்பா, என்னம்மா இந்த ஓரம் இப்பிடி இருக்குன்னு. அப்பச் சொல்லுவேன். எல்லாத்தையும் சொல்லி, நீ வந்துருன்னும் சொல்லுவேன்."

"நீ திருந்த மாட்டே" என்றார் அக்கா.

கொரியரில் அனுப்பினோம். அது போய்ச் சேர்கிறவரைக்கும் மகள் கூப்பிடும்போதெல்லாம் வேறு எதையாவது பேசினேன். வானிலை, வாழைக்குலை, பக்கத்து வீட்டு நாய். போனில் வெறும் வார்த்தையாகச் சொன்னால் பயந்துவிடுவாள், கையில் ஓரத்தை வைத்துக்கொண்டு கேட்டால் புரிந்துகொள்வாள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அவள் கட்டிலுக்குப் புது விரிப்பும் வாங்கிவந்து போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் அதன் ஒரு மூலையைப் பிடித்து இழுத்துச் சரிசெய்தார்.

ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தாள். அவளுக்குப் பின்னால் ஜன்னலில் மழை. தோளில் பாக்கு நிறச் சால்வை. அவளுக்கு அந்த நிறம் அவ்வளவு பொருந்தியிருந்தது.

"என்னம்மா இது, மிஷின்ல போட்டது மாதிரி இருக்கு" என்றாள். சால்வையின் நடுப்பகுதியைக் காமிராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினாள். திரை நிறைய டீச்சருடைய வரிகள். "நான் எவ்வளவு பயந்து போய் இருந்தேன் தெரியுமா? ஒனக்க கை எப்பிடி ஆகிப்போச்சோன்னு ஒறக்கமே இல்லம்மா. இதக் கையில வாங்கின பொறவுதான் மனசு ஆறிச்சு. நீ பந்தயத்துல ஜெயிச்சிட்டே. மேனேஜர்ட்ட சொல்லிட்டேன், எனக்கு அந்த ஒரு வருஷம் வேண்டாம்னு. கூட வேலை பாக்குத பொண்ணுக்குக் குடுத்துட்டாங்க. அவளுக்க அப்பா படுத்த படுக்கையா இருக்காவ, பாவம், அவ அழுதுட்டா."

பேசும்போது அவள் கண்ணும் நிறைந்திருந்தது, நிம்மதியில். நான் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். அந்தப் பெண்ணிடமிருந்து திருப்பி வாங்கு என்று எந்த வாயால் சொல்வது? ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"ஓரத்தப் பாத்தியா மக்களே?" என்றேன்.

"பாத்தேம்மா. கடைசில கொரியருக்குப் போகணும்னு அவசரமா முடிச்சே, இல்லியா? திருவிழாக் கூட்டம் வேற வந்திருக்கும். அதுக்கென்ன, இங்க பாரு" என்றாள். அந்த ஓரத்தை மட்டும் உள்பக்கமாக மடித்துக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். "தெரியவே இல்லல்லா?"

"ஆமா மக்களே, தெரியல்ல" என்றேன்.